குமிழி வளையத்துக் குரல்

கோஸ்லிங் துறை, அலாஸ்கா
மே 12, 1984

அன்புள்ள தம்பி ஆர்ச்சிக்கு,

உனக்கு ஏழு வயதிருக்கும்போது என் வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, வேட்டைக்குப் போறவன் கத்துவானா? திமிங்கிலம் மட்டும் கத்திக்கிட்டே சாப்பிடுதே, மீனெல்லாம் ஓடிடாதா?" பள்ளிக்கூடத்தில் அக்கா என்று கூப்பிடாதே, டீச்சர் என்று சொல் என்றேன். பதில் அப்போது எனக்கும் தெரியவில்லை, ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லை. இப்போது கிடைத்திருக்கிறது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பிச் சொல்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் வானொலியை முந்திக்கொண்டு மழையை அறிவிக்கிறது.

போன கோடையில் என் மாடியில் தங்கியிருந்த திமிங்கில ஆராய்ச்சிக்கார அம்மாள், தண்ணீருக்கடியில் கேட்கும் மைக் ஒன்றை எனக்கே விட்டுப்போனாள். படகுக்கார ஹெர்மன் அதைப் பழைய மீன் தொழிற்சாலையின் மேடையிலிருந்து கடலுக்குள் தொங்கவிட்டு, கம்பியை என் சமையலறை ஒலிபெருக்கி வரை இழுத்துத் தந்தான். இப்போது நான் ஜாம் கிண்டும்போது கடல் பேசுகிறது.

பள்ளியில் தீ மணி அடித்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சிதறி ஓடமாட்டார்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஒரே கதவுக்குப் போவார்கள். ஹெர்ரிங் மீன்களும் அப்படித்தான். கீழேயிருந்து ஒரு திமிங்கிலம் நீளமாகக் கூப்பிடுகிறது. இன்னொன்று சுற்றி வந்து மூச்சை விட்டு, குமிழியாலேயே சுவர் எழுப்புகிறது. சத்தத்துக்கும் சுவருக்கும் பயந்த மீன்கள் நெருங்கி ஒரே பந்தாகி மேலே வருகின்றன. மேலேதான் கதவு. அங்கே எட்டு வாய்கள் திறந்திருக்கின்றன.

அந்த எட்டும் இந்த வருடம் இன்னும் வரவில்லை. ஹவாயிலிருந்து நீந்தி வருகிறவர்கள், மெதுவாக வரட்டும்.

உன் அண்ணி ரமோனா நலம். 'எமிலின்' படகு கட்டிப்போட்ட இடத்திலேயே நிற்கிறது. நவம்பரில் உன் அண்ணன் சைரஸ் வலைக்கூடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிர்விட்ட நாளிலிருந்து அது கடலுக்குப் போகவில்லை. வாரம் ஒருமுறை ரமோனா போய் எஞ்சினை ஓடவிட்டு வருகிறாள். அவ்வளவுதான். நீயும் டிசம்பரில் தெற்கே போய்விட்டாய். ஜூலையில் சால்மன் பருவம் தொடங்கும்போது வருவாயா?

புகை போட்ட மீன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
லிடியா


டகோமா
ஜூன் 3, 1984

அன்புள்ள அக்கா,

மீன் பத்திரமாக வந்தது. பெட்டியைத் திறந்த அன்று கீழ்வீட்டு அம்மாள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்து கதவைத் தட்டினாள். ஒரு துண்டு கொடுத்தேன். மறுநாள் தீ எதுவும் சொல்லாமலே வந்து தட்டினாள்.

நான் நன்றாக இருக்கிறேன். மரக்கிடங்கில் பலகை அடுக்குகிறேன். பலகை காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருப்பதில்லை. வைத்த இடத்தில் இருக்கிறது. அது ஒரு நிம்மதி.

நான் கேட்டதாக நீ சொல்லும் கேள்வி எனக்கு நினைவில்லை. நீ உட்கார வைத்தது நினைவிருக்கிறது. ஆனால் பதில் நன்றாக இருந்தது. பேண்டு மாஸ்டர் வந்துவிட்டதா? வால் நுனி கிழிந்த அந்தப் பெரியது வந்து கூப்பிட்டால்தானே மற்ற ஏழும் சேரும்? வந்ததும் எழுது.

முழங்காலைப் பார்த்துக்கொள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தம்பி,
ஆர்ச்சி


கோஸ்லிங் துறை
ஜூன் 21, 1984

அன்புள்ள ஆர்ச்சி,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. கீழ்வீட்டு அம்மாளுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் வருகிறது. ஜூலையைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. தெரிந்த கேள்விகளுக்கெல்லாம் அழகாக எழுதிவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுவிடும் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியே வயதானவள் நான்.

திமிங்கிலங்கள் வந்துவிட்டன. ஏழு. பேண்டு மாஸ்டர் வரவில்லை.

மேடையில் நின்று ஒவ்வொரு வாலாகப் பார்த்தேன். வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுக்கிருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. வகுப்பில் வருகை எடுப்பதுபோலத்தான். ஏழும் பழைய முகங்கள், அதாவது பழைய வால்கள். ஆனால் வளையம் போடவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக மேய்கிறது. நீளமான அந்தக் கூப்பிடும் குரலே இல்லை. அதற்குப் பதிலாக, ஆழமான பீப்பாய்க்குள் கல் போட்டதுபோல் 'வப்', 'வப்' என்று சின்னச் சத்தங்கள். ஒன்று சொல்லி நிறுத்துகிறது. வெகு தூரத்திலிருந்து இன்னொன்று சொல்கிறது. பனிமூட்டத்தில் படகுகள் ஊதிக்கொள்ளும் அல்லவா, நான் இங்கே இருக்கிறேன் என்று, அப்படி. ஆராய்ச்சிக்கார அம்மாள் சொல்லியிருக்கிறாள், இவை ஒரு குடும்பம்கூட இல்லையாம். ரத்த உறவு கிடையாது. சேர்ந்து சாப்பிட்டுப் பழகினவர்கள், கோடைக்குக் கோடை ஒருவரையொருவர் தேடி வருகிறார்கள்.

நேற்று ரமோனா சமையலறைக்குள் வந்ததும் கேட்டாள். "என்ன மதினி, உங்க ரேடியோல இன்னைக்கு ஒரே தொண்டைக் கனைப்பா இருக்கு?"

"பேண்டு மாஸ்டர் வரல. மத்ததுங்க ஒண்ணையொண்ணு தேடுது."

"தேடித் தேடி என்ன ஆகப்போகுது? எவளாவது ஒருத்தி வாயத் தொறக்கலாம்ல."

பிறகு காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள், 'எமிலினை' வாங்க ஒருவர் கடிதம் போட்டிருக்கிறாராம். ஆகஸ்டு தொடக்கத்தில் பார்க்க வருகிறார். காரணமும் அவளே சொன்னாள்.

"நான் கழுகுக் குலத்துப் பக்கத்துக்காரி. அவரு உங்க அண்டங்காக்கைக் குலத்துப் பக்கம். காகிதத்துல படகு என் பேர்ல இருக்கலாம், முறைப்படி அது உங்க பக்கத்துச் சொத்து. உங்காளு ஒருத்தன் வந்து நின்னு கேட்டா அப்படியே குடுப்பேன். நானா போயி எடுத்துக்கடான்னு சொல்ல முடியுமா? யாரும் கேக்கலன்னா நான் என்ன பண்றது, அதுல உருளைக்கிழங்கு நடவா?"

இதை உனக்கு எழுதச் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

அக்கா,
லிடியா


டகோமா
ஜூலை 2, 1984

அக்கா,

நலம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

படகு அண்ணியுடையது. எத்தனையோ கோடைகள் அதில் அவர்தான் சமைத்துப் போட்டார். அடக்கம் முடிந்த ஈரம் காயுமுன் தம்பிக்காரன் படகுக்குக் கை நீட்டினான் என்று ஊர் பேசும்படி நான் நடக்கமாட்டேன். நல்ல ஆளாக இருந்தால் விற்கட்டும்.

இங்கே மேஸ்திரி வேலையை விட்டுப் போகிறார். அந்த இடத்துக்கு என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எனக்குப் பின்னால் இருந்து இழுக்கத்தான் வரும்.

ஏழும் பசியோடு இருக்கின்றனவா?

ஒரு சந்தேகம். நீ எழுதுவது திமிங்கிலத்தைப் பற்றித்தானா?

ஆர்ச்சி


கோஸ்லிங் துறை
ஜூலை 16, 1984

அன்புள்ள ஆர்ச்சி,

திமிங்கிலத்தைப் பற்றித்தான்.

செவ்வாய்க்கிழமை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் திடீரென்று ஒரு குரல். கூப்பிடும் குரல்தான், ஆனால் என்ன குரல். நீளமாகத் தொடங்கி நடுவில் உடைந்து, மூச்சு வாங்கி, மறுபடி வேறு சுருதியில் தொடங்கியது. ஊர்ப் பேண்டில் ஹெர்மன் முதன்முதல் கார்னெட் குழலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். மாவுக் கையோடு மேடைக்கு ஓடினேன். குமிழி வளையம் போட்டிருந்தார்கள். வட்டம் மூடவில்லை, ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. மூன்று வாய்கள் ஓரிடத்தில் எழுந்தன. மற்றவை பத்து வீடு தள்ளி எழுந்தன. ஹெர்ரிங் எல்லாம் நடுவால் தப்பிப் போய், கடற்காக்கைகளுக்குத்தான் விருந்து.

வலை போட்டுக்கொண்டிருந்த நம் படகுக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். மாலையில் படகுகளின் வானொலியைத் திறந்தால் இதே பேச்சு.

"எவன்டா அது, என் கார்னெட்ட முழுங்கிட்டுக் கத்துறது?" இது ஹெர்மன்.

"நீ வாசிச்சதுக்கு இது தேவல, ஹெர்மன். இதுக்கு ஏழு பேராவது கூடினாங்க." இது இன்னொரு படகிலிருந்து.

கேலி ஒருபுறம். மறுநாளும் அதே குரல் கூப்பிட்டது. அதற்கடுத்த நாளும். மற்ற ஆறும் ஒவ்வொரு தடவையும் வந்தன, ஆர்ச்சி. வாய் நிறையாது என்று தெரிந்தும் வந்தன. இரண்டு பிள்ளைகள் கயிறு சுற்ற, ஒன்று பாட, மற்றவர்கள் குதிக்கிறார்கள் என்று வை. பாடுகிறவள் புதியவள் என்றால் நாலைந்து நாள் எல்லார் காலும் சிக்கும். அதற்காக யாரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை.

ஒன்று கேட்கவேண்டும் என்றிருந்தேன். நீ போன பிறகு எழுதிய எந்தக் கடிதத்திலும் சைரஸின் பெயர் இல்லை. படகு இருக்கிறது, அண்ணி இருக்கிறாள், மீன் இருக்கிறது. அவன் மட்டும் இல்லை. பதில் வேண்டாம். நான் கவனித்தேன் என்று மட்டும் தெரிந்துகொள்.

சால்மன்பெர்ரி இந்த வருடம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

லிடியா


கோஸ்லிங் துறை
ஆகஸ்டு 4, 1984

அன்புள்ள தம்பி,

விமானம் வரும் நாளெல்லாம் தபால் பையைப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. கோபமாக இருந்தால் கோபம் என்று ஒரு வரி போடு. காய்ச்சல் என்றால் கீழ்வீட்டு அம்மாளிடம் சொல்லி எழுதச் சொல்.

படகு பார்க்க ஆள் வந்துபோனார். மரியாதையான மனிதர். படகின் தட்டில் ஏறி, பலகைகளைக் கைமுட்டியால் தட்டிப் பார்த்து, சுருக்குவலையை இரண்டு பாகம் விரித்துப் பார்த்து, கடைசியில் என் சமையலறையில் உட்கார்ந்து ரமோனா கொடுத்த காப்பியைக் குடித்தார்.

"எல்லாரும் வெறுங்கையா வர்ற அன்னைக்குக்கூட இந்தப் படகு மட்டும் மீனோட வருமாமே. என்ன ரகசியம்? எஞ்சினா, வலையா?"

"ரெண்டும் இல்ல," என்றாள் ரமோனா. "பின்னாடி கட்டியிருக்கிற சின்னப் படகுல ஒருத்தன் உக்காந்திருப்பான். அவன் எழுந்து நிப்பான். அது விலையில சேராது."

அந்த மனிதர் சிரித்தார். நான் ஜாம் கிண்டுவதை நிறுத்திவிட்டேன். அவர் போனதும் கேட்டேன்.

"என்ன சொன்னே ரமோனா? வலைய விடுன்னு கத்துறது சைரஸ்தானே?"

"கத்துறது அவருதான். எப்ப கத்துவாரு? உங்களுக்குத் தெரியாதா மதினி? அவரு மேல்தட்டுல நின்னுக்கிட்டு ஏதோ கடலப் பாக்குறதா ஊரே நெனச்சுது. நான் சமையக்கட்டு சன்னல்லேந்து எத்தன வருஷமாப் பாத்தவ. அவரு பாத்ததெல்லாம் பின்னாடி, ஆர்ச்சிய. அவன் எழுந்து நின்னா இவரு கத்துவாரு. எங்கிட்டயே சொல்லுவாரு, 'நான் வெறும் வாய்தான். அவன் உக்காந்திருக்கறப்ப நான் தொண்டை கிழியக் கத்தினாலும் வலை காலியாத்தான் வரும்'னு."

"இத அவன்கிட்ட சொன்னானா?"

"சொல்லுவாரா? சொல்லிட்டா அவன் யோசிச்சு யோசிச்சு எழுந்திருப்பான், எல்லாம் கெட்டுப்போகும்னாரு."

உனக்குத் தெரியுமா, ஆர்ச்சி?

வந்தவருக்கு ரமோனா இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

லிடியா


டகோமா
ஆகஸ்டு 12, 1984

அக்கா,

காய்ச்சல் இல்லை. கோபமும் இல்லை.

தெரியாது. அவர் என்னிடம் சொன்னதில்லை.

பாதி நேரம் நான் எழுந்து நின்றது கால் மரத்துப்போய். இதை அண்ணியிடம் சொல்லிவிடு, சிரிப்பார். மீதிப் பாதி எனக்கும் விளங்கவில்லை. சின்னப் படகில் ஆள் தண்ணீரோடு தண்ணீராக இருக்கிறான். ஒரு நேரம் அலையின் முதுகு கொஞ்சம் தடித்தாற்போல் தெரியும். அப்போது உட்கார முடியாது. அவ்வளவுதான். அதை ஒரு வேலை என்று நான் நினைத்ததே இல்லை. அவர் குரல் வரும், கொக்கியை விடுவிப்பார்கள், வலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நான் இழுப்பேன். அதுதான் என் வேலை என்று இருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் ஒரு நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்துப் படகில் ஏறினேன். மேல்தட்டில் அவர் நிற்கும் இடத்தில் நின்று, ஒரே ஒரு தடவை, வலையை விடு என்று கத்திப் பார்க்க நினைத்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அடுத்த விமானத்துக்குச் சீட்டு எடுத்தேன்.

புதுக் குரல் இப்போது எப்படி இருக்கிறது?

ஆர்ச்சி


கோஸ்லிங் துறை
ஆகஸ்டு 18, 1984

அன்புள்ள ஆர்ச்சி,

உன் கடிதத்தை மேடைக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். டிசம்பர் நாளை எழுதினாயே, அதற்காக நான் எவ்வளவு தூரமும் நடந்து தபால் வாங்குவேன். கால் மரத்த கதையை ரமோனாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது சிரிப்புக்கு மட்டுமில்லை என்று நினைக்கிறேன்.

புதுக் குரல் தேறிவிட்டது. இன்னும் நடுவில் கொஞ்சம் கரகரப்பு உண்டு. ஆனால் கடைசியில் மேலே தூக்கி நிறுத்தும் இடம் வந்துவிட்டது. அது வந்த கையோடு ஒரு கணம் எல்லாம் அடங்கும், பிறகு வாய்கள் எழும். வளையமும் இப்போது மூடுகிறது.

செய்தி அதுவல்ல. புதன்கிழமை மேடையிலிருந்து பார்க்கிறேன், கடல் திறந்து வாய்கள் எழுகின்றன, எட்டு. திரும்பி மூழ்கும்போது வால்களைப் பார்த்தேன். கிழிந்த நுனி. பேண்டு மாஸ்டர் வந்துவிட்டது, பக்கத்தில் ஒரு குட்டியோடு. நம் பேண்டு மாஸ்டர் ஒரு தாய்.

ஓடிப்போய் ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்தேன், இனிமேல் பழைய குரல் வரும் என்று. வரவில்லை. அன்றும், மறுநாளும், கூப்பிட்டது அதே கரகரத்த குரல்தான். பெரியது அந்தக் குரலுக்கு மற்றவர்களைப்போலவே வளையத்தில் சேர்ந்து, ஓர் ஓரத்தில் எழுந்து சாப்பிட்டுவிட்டுக் குட்டியிடம் போகிறது. வேலையைக் கைமாற்றிவிட்டதா, அல்லது கூப்பிட்டது எப்போதுமே அது இல்லையா, எனக்குத் தெரியாது. தண்ணீருக்கடியில் குரல் யாருடையது என்று மைக்கால்கூடச் சொல்ல முடியாது. எட்டில் பெரிய வால் எது என்று பார்த்தோம், இதுதான் தலைமை என்று ஊரே சேர்ந்து பெயர் வைத்துவிட்டோம்.

நீ கேட்ட சந்தேகத்துக்கு இப்போது சரியாகப் பதில் எழுதுகிறேன். எழுதியது திமிங்கிலத்தைப் பற்றித்தான், ஆனால் உன்னை நினைத்துக்கொண்டு. நான் வகுப்பில் சொன்ன எந்த உதாரணமும் ஓரிடத்தில் அறுந்துவிடும். இது இங்கே அறுகிறது. திமிங்கிலம் திரும்பி வந்துவிட்டது. சைரஸ் வரமாட்டான். இதற்கு மேல் திமிங்கிலத்தை வைத்து என்னால் உனக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

படகு வாங்குகிறவர் முப்பத்தொன்றாம் தேதி வருகிறார்.

லிடியா


டகோமா
ஆகஸ்டு 23, 1984

மரியாதைக்குரிய ரமோனா அண்ணிக்கு,

நீங்களும் லிடியா அக்காவும் சுகமாக இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தை அக்காவுக்கு அல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பிழை இருந்தால் அவர் திருத்தட்டும்.

அண்ணன் சைரஸ் இறந்தபோது உங்கள் பக்கத்தார் குழி வெட்டினார்கள், பெட்டி செய்தார்கள். எங்களை அழவிட்டு, எங்களுக்குச் சமைத்தும் போட்டார்கள். நீங்கள் உங்கள் துக்கத்தை வைத்துக்கொண்டே அதையெல்லாம் செய்தீர்கள். அதற்கு அண்டங்காக்கைப் பக்கம் இன்னும் நன்றி சொல்லவில்லை. அவர் போய் ஒரு வருடம் நிறைந்ததும் அண்ணன் சைரஸின் பெயரில் நாங்கள் விருந்து வைக்கவேண்டும். உங்கள் பக்கத்தாரை உட்காரவைத்துப் பரிமாறும் மீனை நான் வேறொருவர் வலையிலிருந்து வாங்கினால் அது நன்றாக இருக்காது.

படகைக் கடிதத்தில் கேட்பது முறையில்லை. நேரில் வந்து நின்று கேட்பேன். முப்பதாம் தேதி விமானத்தில் வருகிறேன் என்று சொல்லத்தான் இது.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லவேண்டும். நான் சின்னப் படகை விட்டு மேலே ஏறமாட்டேன். பயத்தால் சொல்லவில்லை. கொஞ்சம் பயமும் உண்டு. என் இடம் அதுதான் என்று இந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். நான் எழுந்து நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த ஆள். அது தெரிந்தவர் இருவர்தான் இருந்தார்கள். ஒருவர் அண்ணன் சைரஸ்.

மற்றவர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஊரில் அவரைவிட உரத்த குரல் யாருக்கும் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

உங்கள் கொழுந்தன்,
ஆர்ச்சி


கோஸ்லிங் துறை
ஆகஸ்டு 27, 1984

ஆர்ச்சிக்கு, ரமோனா சொல்ல லிடியா எழுதுவது. (அவள் கை முழுக்க எஞ்சின் எண்ணெய். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், திருத்தவில்லை.)

"டேய் ஆர்ச்சி, நல்லா இருக்கியா. நான் நல்லா இருக்கேன். இந்த ரெண்டு வரி எழுத ஒனக்கு எட்டு மாசம் ஆச்சா? பொம்பளை கத்தி வலை விட்ட படகு இந்தத் துறையிலேயே கெடையாதுன்னு ஹெர்மன் சொல்றான். அவன் கார்னெட்டும்தான் முன்னாடி இந்தத் துறையில கெடையாது, சகிச்சுக்கிட்டோமே. அவனும் அவன் மருமகனும் படகுத் தட்டு வேலைக்கு வர்றாங்க. மொத ரெண்டு தடவ நான் தப்பாத்தான் கத்துவேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது. படகு வாங்க வர்றவருக்கு நானே காப்பி குடுத்து அனுப்பிக்கறேன். நீ வந்து மொதல்ல நின்னு கேளு, அப்பறம் சாப்பாடு. கேக்காம சாப்பாடு கெடையாது. தடிச்ச கோட்டு எடுத்துட்டு வா."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு தடவை எழுந்து போய்ச் சன்னலோரம் நின்றுவிட்டு வந்தாள். அதை எழுதச் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

லிடியா


கோஸ்லிங் துறை
செப்டம்பர் 14, 1984

அன்புள்ள ஆர்ச்சி,

மீன் ஏற்ற வரும் படகில் உங்களுக்கு ரொட்டி, உருளைக்கிழங்கு, இரண்டு புட்டி ஜாம், இந்தக் கடிதம் எல்லாம் அனுப்புகிறேன். ஒரே கடலில், ஒரு மலை மறைவில் இருக்கிறவனுக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். கைப்பழக்கம் விடவில்லை. எல்லாரும் நலம்தானே? ஈரத் துணியோடு தூங்காதீர்கள்.

முதல் நாள் கூத்தை ஊரே வானொலியில் கேட்டது. நீ கோட்டைக் கழற்ற எழுந்து நின்றாயாம், ரமோனா அதற்கே வலையை விடச் சொல்லிவிட்டாளாம். காலி வலையை இழுத்து முடித்ததும் ஹெர்மன் அறிவித்தான்: "கோட்டுக்கெல்லாம் வலை விடற மொத கேப்டன் எங்க கேப்டன்தான்." பின்னால் அவள் குரல் கேட்டது: "அவன இனிமே உக்காந்தே கழட்டச் சொல்லு." இங்கே கடையில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் அடுத்த நாளுக்குக் காத்திருந்தேன்.

அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. நேற்று வியாழக்கிழமை, பெரிய முனையைத் தாண்டி அவள் கத்தியதை யாரோ வானொலியின் பொத்தானை அழுத்தியபடியே விட்டிருந்ததால் நாங்களும் கேட்டோம். குரல் நடுவில் உடைந்தது. பிறகு வெகு நேரம் சத்தமே இல்லை. கடைசியில் ஹெர்மன், கேலி எதுவும் இல்லாமல், "நாய்ச்சால்மன் மீனு, வலை நெறைய," என்று மட்டும் சொன்னான். சைரஸின் விருந்துக்கு வேண்டியதைப் புகைக்கூடத்துக்கு எடுத்து வையுங்கள். ஆல்டர் விறகு நான் பிளந்து வைத்திருக்கிறேன்.

திமிங்கிலங்கள் இன்னும் இருக்கின்றன. உடம்பில் கொழுப்பேறி, வளையம் மெதுவாகிவிட்டது. குளிர் தொடங்கினதும் ஒவ்வொன்றாய்க் கிளம்பிவிடும். அடுத்த கோடையில் யார் கூப்பிடுவார்கள் என்று இப்போதே கேட்காதே.

மேல்தட்டில் நிற்பவர்கள் கடலைப் பார்க்கிறார்கள் என்று இத்தனை வருடமும் நீ எண்ணியிருந்தாய். வேலை நடக்கும்போது நீ ஒரு தடவையும் திரும்பி மேல்தட்டைப் பார்த்ததில்லை என்று ரமோனா சொல்கிறாள். அதனால் ஒன்று செய்து பார். நாளைக்கு வலை விடும்போது, எழுந்து நின்றதும், அவள் கத்துவதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை திரும்பி அவள் கண் எங்கே இருக்கிறது என்று பார்.

அக்கா,
லிடியா